பல்லுக்காகக் கொடுத்த புகார்

என் கணவருக்கு நாற்பத்தாறு வயது. வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மாதா கோவில் திருவிழா விருந்தில் எழுபது தாண்டிய பெரியவர்கள் கோழிக்காலைக் கடித்து இழுக்கும்போது, இவர் குப்பூஸ் ரொட்டியைச் சாயாவில் ஊறவைத்துத் தின்கிறார். பார்க்கிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், சுகர் வியாதியா சிஸ்டர் என்று. ஆமாம் என்று தலையாட்டுவேன். அவருக்குச் சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை. நான் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பஹ்ரைனுக்கு நான் நர்ஸாக வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இவர் எனக்குப் பின்னால் வந்தார், ஏசி டெக்னீஷியன். ஈசா டவுனில் வீடு எடுத்தோம், மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்பதால். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மொட்டைமாடியில் கம்ப்ரசரைத் தூக்கும்போது ஏணி சறுக்கி மல்லாந்து விழுந்தார். கம்பெனி மூன்று நாள் சிக் லீவு கொடுத்தது. எலும்பு முறியவில்லை அல்லவா, அப்புறம் என்ன. நாலாம் நாள் சைட்டில் கூட வேலை பார்த்த ஒருவன் ஊரிலிருந்து வந்த வலி மாத்திரை ஒரு பட்டையை நீட்டியிருக்கிறான். அபின் வகை மாத்திரை. அது இல்லாமல் ஏணியில் ஏற முடியாது என்று ஆரம்பித்து, அது இல்லாமல் படுக்கையிலிருந்து எழ முடியாது என்று ஆனது. இங்கே அந்த மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் பையில் இருந்தால் ஜெயில். பிறகு ஒரே விமானம், ஊருக்கு.

நான் நர்ஸ். கண்ணைப் பார்த்தே சொல்லியிருக்க வேண்டும். பார்த்தேன், சொல்லவில்லை. மகள் கேட்டால், டாடிக்குக் காய்ச்சல் என்பேன், நைட் டூட்டி என்பேன். பள்ளி ஆண்டு விழாவில் இவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, எச்சில் சட்டையில் வழிந்தது. மேடையில் நின்ற மகள் அதைப் பார்த்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்ததையும் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அதற்கு அடுத்த வாரம் வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று அவளே ஸ்டூல் போட்டு ஏறி மூடியைத் திறந்திருக்கிறாள். ஃபில்டருக்குப் பின்னால் ஒன்பது பட்டை மாத்திரை. மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் டூட்டி முடிந்து வந்து, அது டாடிக்க முதுகு மாத்திரை மக்கா என்றேன். அவள் ஏற்கெனவே போனில் பேரைப் போட்டுத் தேடிப் படித்துவிட்டாள். அன்றோடு என் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மதிப்பு போனது.

அவர் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "இனி தொடமாட்டேன் மக்கா. உனக்க தலையில அடிச்சு சொல்லுகேன்." அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார். இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். ஆனால் நான் சொல்வதால் என்ன பிரயோஜனம்.

தனியாக விட்டுப் பார்த்தார். மூன்று நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் முறுக்கு. நாலாம் நாள் நான் பயந்துபோய் ஒரு தனியார் கிளினிக்கில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். ஹிந்தியில் பேசினார், டென்ஷன் மத் லோ சிஸ்டர், கவலைப்படாதீர்கள் என்றார். அந்தப் பழக்கத்தை விடுவிக்க ஒரு மருந்து உண்டு, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும், தினமும், வருடக்கணக்கில் ஆகலாம் என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஃபைலில் என்ன எழுதுவீர்கள் என்பதுதான் என் கவலை. இவர் வேலை பார்க்கும் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் வழியாக ஒரு வரி வெளியே போனாலும் அன்றைக்கே விசாவைக் கேன்சல் அடித்து அனுப்பிவிடுவார்கள். கையிலிருந்தே கட்டுகிறேன், ஃபைலில் முதுகுவலி என்று மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் யோசித்தார். முதுகுவலி இருப்பதும் உண்மைதானே என்று எழுதினார். மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று ஒவ்வொரு மாதமும் விளக்கிச் சொன்னதாக ஒரு தாள் இருக்கும். சிஸ்டருக்குத் தெரியாததா என்று அவர் நீட்டுவார். நான் டூட்டிக்கு ஓடும் அவசரத்தில் கையெழுத்துப் போடுவேன். நாற்பத்தெட்டுக் கையெழுத்து.

மருந்துப் பெட்டி வீட்டுக்கு வரக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். மகளின் கண்ணில் பட்டால், திரும்பவும் மாத்திரையா என்று கேட்பாள் என்ற பயம். அதனால் மருந்தை வேறு டப்பாவில் மாற்றிவிட்டு, அட்டையையும் அதற்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்து என் ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டுவிடுவேன். காலையில் மகள் குளிக்கப் போனதும் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாக்கடியில் மருந்தை வைப்பார். பத்து நிமிஷம் பேச முடியாது. நான் வாசலில் காவல் நிற்பேன். கரைந்ததும், போய் நல்லா பல் தேயுங்க, வாடை வருது என்று விரட்டுவேன். நாலு வருடம் தினமும் விரட்டினேன். சுத்தம் பார்க்கிற நர்ஸ் அல்லவா நான்.

மூன்றாம் வருடம் கடைவாய்ப் பல் உடைந்தது, குப்பூஸ் கடிக்கும்போது. கல் கிடந்திருக்கும் என்றோம். குப்பூஸில் ஏது கல். அப்புறம் வரிசையாக ஆரம்பித்தது. ஈறை ஒட்டிப் பழுப்பாகிச் சுண்ணாம்புக் காரை மாதிரி உதிர்ந்தது. முன்பல் இரண்டும் ஒரே மாதத்தில் போயின. அவர் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், மம்மி நீ மட்டும் வந்தாப் போதும் என்பாள். ஒருநாள் அவர் வண்டியோட்டிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே நிற்க, தோழி ஒருத்தி யார் என்று கேட்டிருக்கிறாள். அவர் காதுபடவே மகள் டிரைவர் என்று சொல்லிவிட்டாள். அவரே வந்து என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளைக் குறை சொல்லவும் வாயில்லை. பழைய மாத்திரை தின்கிறவர்களுக்குப் பல் போகும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஒளித்து ஒளித்துத் தின்கிறார், மம்மி மறைக்கிறாள். இதுதான் அவள் கணக்கு. ஒருநாள் ஆங்கிலத்தில் என்னிடம் நேராகவே சொன்னாள். இல்லை மக்கா, சத்தியமாக இல்லை என்றேன். "மம்மி, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்ஃப்காரர்கள் யாரும் இங்கே பல் பார்ப்பதில்லை. இன்ஷூரன்ஸில் பல் கிடையாது. சொத்தை, வேர் சிகிச்சை, பிடுங்குவது, கட்டுவது எல்லாவற்றையும் லீவுக்கு வைத்திருப்போம். முப்பது நாள் லீவில் கல்யாணம், பத்திரப்பதிவு, பல். அந்த வருட லீவில் ஊரில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். மிச்சமிருந்த பதினேழு பல்லையும் எடுத்துவிட்டுச் செட் வைத்தால்தான் திரும்புவதற்குள் முடியும், எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை என்றேன் நான். ஆமாம், நான்தான் சொன்னேன். டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, வெத்தல புகையில போடுவாரா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். அறைக்கு வெளியே சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்றால் வேறு என்ன தின்றார் என்று கேட்பார், அவர்கள் காதில் விழும். ஆமாம் டாக்டர், நல்லா போடுவாரு என்றேன். டாக்டர் சீட்டில் அப்படியே எழுதினார். ஐந்து நாளில் பதினேழு பல். கடைசி நாள் ஆட்டோவில் வரும்போது, இவர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, "கடவுள் தந்த தண்டனை பிள்ளே, ஏத்துக்கிடணும்" என்றார்.

திரும்பி வந்து எட்டு மாதம் கழித்து அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, அத்தானுக்கு நாக்கடியில வைக்கிற மருந்துதான குடுத்தாவ? இங்க டிவில ஓயாம விளம்பரம் வருது. அத எடுத்தவங்களுக்குப் பல்லு போயிருந்தா எங்களக் கூப்பிடுங்கன்னு வக்கீலுங்க. கோர்ட்டுல ஆயிரக்கணக்குல கேஸ் கெடக்காம்." கூடவே ஒரு தாளைப் போட்டோ பிடித்து அனுப்பினாள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள். இந்த மருந்து பல்லைக் கெடுக்கலாம். கரைந்ததும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கொப்பளித்து விழுங்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். பல் டாக்டரிடம் அவ்வப்போது காட்ட வேண்டும்.

அந்தத் தாளை நான் எத்தனை முறை கிழித்திருக்கிறேன்.

அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். "அப்போ எனக்க பாவத்தால இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். செட்டுப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "மோளுகிட்ட காட்டணும்" என்றார்.

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்த அளவில் திருப்பிக் கொடுத்தாள். "இன்டர்நெட்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம் மம்மி. டாடி இந்த மெடிசின்தான் எடுத்தாருன்னு ப்ரூஃப் இருக்கா? டாடிக்கு இதாலதான்னு எந்த டாக்டராவது எழுதிக் குடுத்தாங்களா? டாடி பேர் போட்டு ஒரு பேப்பர் காட்டு." அவள் கேட்டது நியாயம். அடுத்த வருடம் சட்டம் படிக்கப் போகிறேன் என்கிறவள்.

அவர் பேர் போட்ட ஒரு காகிதம். அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது, வேறு எதுவும் இல்லை. பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனாமாவில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். வக்கீல் இந்த நாட்டுக்காரர். எங்களிடம் பேசியது அவருடைய உதவியாளர், மலையாளி. அமெரிக்கக் கேஸெல்லாம் அங்கே மருந்து வாங்கியவர்களுக்கு, நமக்கில்லை என்றார். ஆனால் பல்லைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று கிளினிக் மேல் இங்கே புகார் கொடுக்கலாம், டாக்டர்கள் குழு விசாரிக்கும், மருந்தால்தான் என்று அவர்களுக்குப் பட்டால் எழுதித் தருவார்கள் என்றார். எழுதித் தருவார்களா என்று இவர் இரண்டு முறை கேட்டார். அன்றைக்குத் திரும்பும் வழியில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார் எனக்கு. பல வருடத்துக்குப் பிறகு ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு வண்டியோட்டினார்.

புகார் போனது. ஒரு மாதத்தில் ஃபைலின் நகல் வந்தது. உதவியாளர் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நோய் என்று முதுகுவலி எழுதியிருந்தது, நாலு வருடமும். பழக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழே நாற்பத்தெட்டு இடத்தில் என் கையெழுத்து, நோயாளியின் மனைவி, நர்ஸ், மருந்தைப் பற்றிய எல்லா விளக்கமும் பெற்றுக்கொண்டார். பல் எடுத்ததற்கு ஊர் டாக்டரின் சீட்டு, வெற்றிலை புகையிலைப் பழக்கம். எடுப்பதற்கு முன் ஒரு எக்ஸ்ரேகூட இல்லை.

"சேச்சி," என்றார் அவர், "ஃபைல் பொய்யின்னு நம்ம சொன்னா, அந்தப் பொய் ஆரு சொன்னதுன்னு கேப்பாங்க."

நான்தான் என்றேன். தெரிகிறது என்றார். அந்த ஆளிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

பத்து நாளில் கிளினிக்கின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. நர்ஸாக இருக்கும் மனைவி தகவலை மறைத்து, பொய்யான காரணம் எழுதச் சொல்லி, மருந்து விளக்கத் தாளையும் நோயாளிக்குக் காட்டாமல் விட்டிருக்கிறார். புகார் தொடர்ந்தால் அவருடைய லைசென்ஸ் குறித்து உரிய இடத்தில் தெரிவிப்போம். புகாரை வாபஸ் வாங்கி, கொடுத்த அறிவுரையை நோயாளியே பின்பற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறோம். அவர்கள் எழுதியதில் பாதி உண்மை. அதனால்தான் அது அத்தனை வலித்தது.

என் லைசென்ஸ் போனால் என் விசா போகும். என் விசாவில்தான் மகள் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் நான் சத்தம் போட்டேன். "போனாப் போட்டும் லைசென்ஸ்! நான் போய் எல்லாத்தையும் சொல்லுகேன். என்னால உங்களுக்கு வாயில்லாமப் போச்சு, எனக்கு இந்த வேல எதுக்கு?" நன்றாகத்தான் பேசினேன். ஆனால் பேசும்போதே அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லாமல் போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டும் இருந்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

"கலாஸ்," என்றார் அவர். "விட்டிரு பிள்ளே. பல்லு போனது போயாச்சு. இனி உனக்க வேலயும் போணுமா? நீ அந்த லெட்டர எழுது, நான் ஒப்பு போட்டுத் தாறேன்."

என்னால் முடியாது என்றேன். உங்கள் தப்பு என்று என் கையால் எழுதமாட்டேன், கை அழுகிப்போகும் என்றேன். அன்றைக்கு என்னிடம் மிச்சமிருந்த ஒரே ரோஷம் அது. லெட்டரை நானே வாயை மூடிக்கொண்டு எழுதித் தொலைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டிருந்தோம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆங்கிலக் கடிதமெல்லாம் பிள்ளைகள்தான் டைப் செய்வார்கள், வாடகை ஒப்பந்தமோ, கம்பெனிக்கு லீவு லெட்டரோ. அவர் மகளின் அறை வாசலில் போய் நின்று, "மக்கா, ஒரு லெட்டர் அடிச்சுத் தருவியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. குழாயை மூடினேன். அதற்குள் அவள் லேப்டாப்போடு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். கிளினிக் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குகிறேன். டாக்டர் எல்லாம் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் பல் போனது என்னுடைய சொந்தத் தப்பால். அவள் விரல் நின்றது. "மை ஓன் நெக்லிஜன்ஸ்" என்று மெல்ல வாசித்தாள்.

"டாடி, இது ட்ரூவா?"

"ஆமா மக்கா."

"அப்போ நான் நெனச்சது கரெக்ட்தானே? நீங்க நிறுத்தவே இல்ல."

அவர் வாய் ஒருமுறை திறந்தது. நான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஆமா," என்றார். "உனக்க அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. அவள ஒண்ணும் சொல்லாத."

மகள் எழுந்து என்னிடம் வந்தாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைச் சந்தேகமில்லாமல் பார்த்தாள். "மம்மி, உனக்கு நிஜமாவே தெரியாதா?"

அவர் சொன்ன பொய்யை அப்போதே உடைத்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவளுடைய பரீட்சை, என் வேலை, விசா, எல்லாம் ஒரு நொடிக்குள் தலைக்குள் ஓடின. அவர் முகம் கடைசியாகத்தான் வந்தது.

"தெரியாது மக்கா," என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சாரி மம்மி, சாரி மம்மி, உன்ன ரொம்ப தப்பா நெனச்சுட்டேன் என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவளுடைய தோளுக்கு மேலே எனக்கு அவர் தெரிந்தார். பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்து, எங்கே ஒப்பு போட வேண்டும் என்று கேட்க ஆளில்லாமல், தானே இடம் தேடிக்கொண்டிருந்தார்.